நோய் இருக்கிறது, பதிவு இல்லை: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் இழப்பீட்டு வழக்குகள்

போரில் குண்டடி பட்டுக் காலை இழந்து திரும்பிய வீரருக்கு இழப்பீடு கொடுப்பதில் அரசுக்குப் பெரிய குழப்பம் வராது. எந்த நாள், எந்த இடம், எந்த மருத்துவமனை என்று எல்லாமே காகிதத்தில் இருக்கும். ஊர் திரும்பிப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பிக்கிறவருக்குத்தான் சிக்கல். மூட்டெல்லாம் வலி, தூக்கம் வருவதில்லை, சொன்னது மறந்துபோகிறது என்று ஒவ்வொரு டாக்டராக ஏறி இறங்குகிறவருக்கும் அதே சிக்கல்தான். அவருக்கு உடம்பு சரியில்லை என்பதைப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. அது ராணுவப் பணியால் வந்ததா என்பதில்தான் வழக்கே.

அமெரிக்காவில் இந்த வழக்கைக் கேட்கிற இடம் முன்னாள் படைவீரர் நலத்துறை. வி.ஏ. என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மாதாமாதம் ஊன இழப்பீடு தருகிற துறை அது. அங்கே நடந்த இத்தனை ஆண்டு இழுபறியையும் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: ஆதாரம் இல்லாதபோது நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும்? பதிவேட்டை வைத்திருந்தது ராணுவம். எதை எழுதுவது, எதை விடுவது, எதை ரகசியம் என்று பூட்டி வைப்பது என்று முடிவு செய்ததும் ராணுவம். ஆனால் பதிவு இல்லாததற்கான விலையை நெடுங்காலம் கொடுத்து வந்தது வீரர்கள். அதைத் திருப்பிப் போட ஒவ்வொரு போருக்கும் வருஷக்கணக்கில், சில சமயம் முப்பது நாற்பது வருஷம், பிடித்திருக்கிறது.

விதியும் அதன் கணக்கும்

விதி என்னவோ எளிமையானதுதான். இப்போது ஒரு நோய் இருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஒரு சம்பவமோ, காயமோ, நச்சுப்பொருளின் தாக்கமோ நடந்திருக்க வேண்டும். அந்த இரண்டையும் இணைக்கிற ஒரு மருத்துவக் கருத்து வேண்டும். இந்த மூன்றாவதற்கு நெக்ஸஸ் என்று பெயர். மனுக்கள் அதிகமாகக் கவிழ்வது இங்கேதான்.

உரிமையியல் வழக்கு போல 'பெரும்பாலும் உண்மை' என்று காட்ட வேண்டியதில்லை. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் சான்று சமமாக இருந்தாலே போதும், தீர்ப்பு வீரர் பக்கம் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் டாக்டர் எழுதுகிற ஒரு வரியில் எல்லாம் தொங்குகிறது. 'ராணுவப் பணியால் வந்திருக்கலாம்' என்று ஒரு குடும்ப டாக்டர் நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்தால், அது வெறும் ஊகம் என்று தள்ளிவிடுவார்கள். 'பணியால் வந்ததற்கான வாய்ப்பு ஐம்பது சதவீதத்துக்குக் குறையாது' என்ற பொருளில் எழுதி, ஏன் என்று நாலு வரி காரணமும் சொன்னால்தான் அது சான்று. இரண்டு டாக்டர்களும் சொல்ல வந்தது ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று செல்லும், மற்றது செல்லாது.

அப்புறம் சதவீதக் கணக்கு. ஒவ்வொரு நோய்க்கும் 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பெண் உண்டு. ஆனால் இரண்டு நோய் இருந்தால் நேராகக் கூட்டமாட்டார்கள். ஒருவருக்கு மூச்சுக்கோளாறுக்கு 50, ஒற்றைத் தலைவலிக்கு 30, காதிரைச்சலுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 50 போக மீதி 50 சதவீதம் 'நல்ல உடம்பு'. அந்த மீதியில் 30 சதவீதம் என்றால் 15. ஆக 65. அதற்கு மேல் மீதமுள்ள 35-இல் பத்து சதவீதம் மூன்றரை, மொத்தம் 69 என்று எடுத்துக்கொண்டு பத்தின் மடங்காக்கினால் 70. வேடிக்கை என்னவென்றால், காதிரைச்சலைக் கணக்கில் எடுக்காமலே 65-ஐ அவர்கள் 70 ஆக்கிவிடுகிறார்கள். மூன்றாவது நோய்க்காக அலைந்த அலைச்சலுக்குக் காசாக ஒன்றும் வராது. துணை, பிள்ளை யாரும் இல்லாதவருக்கு 2025-இல் 10 சதவீதம் என்றால் மாதம் 175 டாலர், 70 என்றால் 1,759, 90 என்றால் 2,298, 100 என்றால் 3,831. கடைசிப் படியில் இருக்கிற அந்தப் பெரிய தாவலைப் பார்த்தால், 90-இல் நிற்கிறவர்கள் ஏன் விடாமல் மேல்முறையீடு செய்கிறார்கள் என்பது புரியும்.

நீதிமன்றம் வரை போகும் மேல்முறையீடு என்பதே இங்கே ரொம்பப் புதுசு. 1988 வரை வி.ஏ. மறுத்துவிட்டால் மனுதாரர் நீதிமன்றம் போய் அந்த முடிவைக் கேள்வி கேட்கவே பெரும்பாலும் வழியில்லை. வக்கீல் வைக்கலாம்தான், ஆனால் அவருக்குப் பத்து டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864-இல், வீரர்களைத் தரகர்கள் சுரண்டாமல் இருக்கப் போட்ட உச்சவரம்பு அது. நூற்றிருபது வருஷம் விலைவாசிக்கெல்லாம் அசையாமல் அப்படியே நின்றது. அணுக்கதிர்வீச்சால் பாதிக்கப்பட்ட வீரர்களின் சங்கம் அதை எதிர்த்து வழக்குப் போட்டபோது, 1985-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு செல்லும் என்றே சொன்னது. வி.ஏ. விசாரணை எதிர்த்தரப்பு இல்லாத, நட்பான விசாரணை என்பதால் வக்கீல் அவசியமில்லையாம். கதிர்வீச்சும் புற்றுநோயும் சம்பந்தப்பட்ட அறிவியல் வழக்கை ஒரு தனி மனிதர் தானே வாதாடிக்கொள்ள வேண்டும் என்பதற்கு நட்பு என்ற பெயர் எப்படிப் பொருந்தும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மூன்று வருஷம் கழித்து நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தியது.

காணாமல் போன காகிதங்கள்

1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவப் பணிக்கோப்புகள் வைத்திருந்த தேசிய ஆவணக் கட்டடத்தில் தீப்பிடித்தது. சுமார் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் சாம்பலாயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அதில் போயிற்று. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று ஒரு முழுப்பட்டியல்கூடக் கிடையாது. அதற்கு அப்புறம் பல பத்தாண்டுகள், கொரியப் போருக்குப் போய்வந்த முதியவர்களுக்கு 'உங்கள் கோப்பு தீயில் போயிருக்கலாம், உங்களிடம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்' என்ற ரீதியில்தான் பதில் போய்க்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவர்கள் விஷயத்தில் வி.ஏ. கூடுதல் கவனத்தோடு நடக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் எரிந்துபோன காகிதத்துக்குப் பதிலாக யாரும் வேறு காகிதம் தர முடியாது. கூட இருந்த சகவீரர் எழுதித் தரும் வாக்குமூலம், அந்தக் காலத்தில் வீட்டுக்குப் போட்ட கடிதம், ஒரு பழைய புகைப்படம் என்று பொறுக்கிச் சேர்க்க வேண்டியதுதான்.

தீ ஒரு விபத்து. ரகசியம் அப்படியில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 60,000 அமெரிக்கப் படையினர் மஸ்டர்ட் வாயு, லூயிசைட் போன்ற ரசாயனச் சோதனைகளில் உட்படுத்தப்பட்டார்கள். வெளியே சொன்னால் தண்டனை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அடுத்து அணுகுண்டு. 1945 முதல் 1962 வரை வெட்டவெளியில் நடந்த சோதனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். அவர்களும் வாய் திறக்கக் கூடாது, டாக்டரிடமும்கூட. குறிப்பிட்ட 13 வகைப் புற்றுநோய்களைக் கதிர்வீச்சால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் 1988-இல் வந்தது. அந்த ரகசியக் காப்பு உறுதிமொழியிலிருந்து அவர்கள் விடுவிக்கப்பட்டதோ 1996-இல். ஆக, இடையில் எட்டு வருஷம், சட்டப்படி உரிமை இருந்தும் அதைக் கேட்கச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அனுமதி இல்லாத நிலையில் ஒரு கூட்டம் இருந்தது.

அந்த 1988 சட்டத்தில் இருந்ததுதான் இந்தக் கதையின் திருப்புமுனை: அனுமானம். இந்த இடத்தில், இந்தக் காலத்தில் பணியில் இருந்தாயா? இந்தப் பட்டியலில் உள்ள நோய் உனக்கு இருக்கிறதா? சரி, பணியால்தான் வந்தது என்று நாங்களே எடுத்துக்கொள்கிறோம், நெக்ஸஸ் வேண்டாம். முன்னே சொன்ன மூன்றில் மிகக் கடினமான மூன்றாவதை அரசு தன் தோளுக்கு மாற்றிக்கொள்கிறது. இதைப் பலர் சலுகை என்று நினைக்கிறார்கள். 'அளந்திருக்க வேண்டியது நாங்கள், அளக்கவில்லை' என்று ஓர் அரசு எழுதிக் கொடுக்கிற ஒப்புதலாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

வியட்நாமும் ஒரு அட்மிரலும்

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் வியட்நாமின் காடுகள் மேலும் வயல்கள் மேலும் களைக்கொல்லியை மழையாகப் பெய்தன. ஆரஞ்சுப் பட்டை போட்ட பீப்பாய்களில் வந்ததால் அதிகம் பயன்பட்ட கலவைக்கு ஏஜென்ட் ஆரஞ்ச் என்று பெயர் வந்தது. தயாரிப்பில் கழிவாகச் சேர்ந்த டயாக்சின்தான் அதில் உண்மையான விஷம். அதன் முதல் பலி வியட்நாமிய மக்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை பேசும் இழப்பீட்டில் எதுவும் கிடையாது என்பதைச் சொல்லாமல் போவது சரியில்லை.

எல்மோ ஜும்வால்ட் வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். ஆற்றங்கரைப் புதரில் ஒளிந்திருந்து படகுகளைச் சுடுகிறார்கள் என்பதால் கரையோரமெல்லாம் இலைகளை உதிர்க்கச் சொன்னவர் அவர். அதே ஆறுகளில் படகு ஓட்டிய அதிகாரிகளில் ஒருவர் அவருடைய மகன். மகன் 1988-இல் புற்றுநோயால் இறந்தார். தந்தை அதற்கு அப்புறம் ஆய்வுகளைத் தோண்டி எடுத்துப் படித்து, இந்த ரசாயனத்துக்கும் பல நோய்களுக்கும் தொடர்பு இருக்கிறது, அரசு அதை மறைக்கும் விதமாக நடந்துகொண்டது என்று 1990-இல் வி.ஏ. தலைமைக்கே அறிக்கை கொடுத்தார். அந்த உத்தரவை மறுபடியும் போடுவீர்களா என்று கேட்டவர்களிடம், போடுவேன், அது பல வீரர்களின் உயிரைக் காத்தது என்றும் சொல்லியிருக்கிறார். இழப்பீட்டைக் குற்ற உணர்வோடு முடிச்சுப் போட்டே பேசிப் பழகியவர்களுக்கு இந்த மனிதர் ஒரு சங்கடம். உத்தரவு சரிதான், அதன் விலையை அரசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர்.

1991-இல் ஏஜென்ட் ஆரஞ்ச் சட்டம் வந்தது. அதன் புத்திசாலித்தனம் ஒரு சின்ன விஷயத்தில் இருந்தது. 'இந்த ரசாயனம்தான் இந்த நோயைக் கொடுத்தது' என்று நிரூபிக்கத் தேவையில்லை, இரண்டுக்கும் புள்ளியியல் அளவில் ஒரு தொடர்பு தென்பட்டு, அதற்கான சான்று எதிர்ச்சான்றுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் போதும் என்று அது வைத்தது. அந்தச் சான்றை எடை போடும் வேலை வி.ஏ.விடம் மட்டும் விடப்படவில்லை, தேசிய அறிவியல் அகாதமியிடமும் போயிற்று. அப்படித்தான் பட்டியல் வளர்ந்தது. 2001-இல் இரண்டாம் வகை நீரிழிவு, 2010-இல் பார்க்கின்சனும் இதய ரத்தக்குழாய் நோயும், 2021-இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய், 2022-இல் ரத்த அழுத்தம். தரையில் கால் வைக்காமல் கடலில் கப்பலிலேயே இருந்தவர்களை வெளியே தள்ளி வைத்திருந்தார்கள். 2019-இல் நீதிமன்றத் தீர்ப்பும் அடுத்து வந்த சட்டமும் சேர்ந்துதான் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் இருந்தவர்களையும் உள்ளே கொண்டு வந்தன. போர் முடிந்து நாற்பத்து நான்கு வருஷம் கழித்து.

பெயர் வைத்தால் தோற்கும் நோய்

1991 வளைகுடாப் போர் அமெரிக்காவுக்குச் சுலபமான வெற்றி என்று எழுதப்பட்டது. தரைச் சண்டை நூறு மணி நேரம்தான். ஏறக்குறைய 7 லட்சம் பேர் போனார்கள், மிகச் சிலரே களத்தில் இறந்தார்கள். திரும்பி வந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிற்பாடு நோயாளிகள் ஆனார்கள். ஓயாத அசதி, மூட்டிலும் தசையிலும் வலி, தலைவலி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, நினைவு மங்கல். ஒருவருக்கு இதில் நாலு, இன்னொருவருக்கு வேறு நாலு. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எல்லாம் மன அழுத்தம் என்று பல வருஷம் சொல்லப்பட்டது.

அவர்கள் உடம்புக்குள் போனது என்ன? நரம்பு வாயுத் தாக்குதலுக்கு முன்காப்பாக பைரிடோஸ்டிக்மைன் என்ற மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒன்று விழுங்கச் சொன்னார்கள். யார் எத்தனை விழுங்கினார்கள் என்று யாரும் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. மணல் ஈக்கும் கொசுவுக்கும் கூடாரத்திலும் சட்டையிலும் பூச்சிமருந்து. நாய் கழுத்தில் கட்டுகிற உண்ணிப் பட்டையைச் சிலர் காலில் கட்டிக்கொண்டதும் உண்டு. தீ வைக்கப்பட்ட அறுநூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளின் புகை. அப்புறம் கமிசியா. தெற்கு இராக்கில் இருந்த இந்த ஆயுதக் கிடங்கை 1991 மார்ச் மாதம் அமெரிக்கப் படைப்பிரிவினர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். உள்ளே சாரின் என்ற நரம்பு வாயு நிரப்பிய ராக்கெட்டுகள் இருந்தன என்று அவர்களுக்குத் தெரியாது. அது பென்டகனின் வாயிலிருந்து வெளியே வர 1996 ஜூன் ஆயிற்று. முதலில் சில நூறு பேருக்குப் பாதிப்பு இருக்கலாம் என்று பேசினார்கள். அடுத்த வருஷமே அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது.

அந்த மாத்திரை, பூச்சிமருந்துகளில் பல, சாரின் ஆகிய மூன்றும் உடம்பில் வேலை செய்வது ஒரே இடத்தில். நரம்பு செய்தி அனுப்பி முடித்ததும் அந்தச் செய்தி ரசாயனத்தைத் துடைத்தெடுக்கிற ஒரு நொதி இருக்கிறது, அதைத்தான் மூன்றும் முடக்குகின்றன. தனித்தனியாகப் பாதுகாப்பான அளவு என்று சொல்லப்பட்டவை ஓர் உடம்பில் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நாடாளுமன்ற உத்தரவில் அமைந்த ஆலோசனைக் குழு ஒன்று 2008-இல் தந்த அறிக்கையில், இந்த நோய் உண்மைதான், மன அழுத்தம் இதற்குக் காரணமில்லை, மாத்திரையும் பூச்சிமருந்தும் காரணமாகின்றன என்று எழுதியது. 2022-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. சாரினைச் சிதைக்கிற ஒரு நொதியின் மரபணு வலுவில்லாத வடிவத்தில் இருந்தவர்கள், களத்தில் நரம்பு வாயு அபாயச் சங்கொலி கேட்ட இடத்தில் இருந்திருந்தால், அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது. ஒரே கூடாரத்தில் படுத்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் ஏன் படுக்கையில் விழுந்தார் என்ற பழைய கேள்விக்கு இது ஓரளவு விடை.

இழப்பீட்டுப் பக்கம் வருவோம். 1994-இல் நாடாளுமன்றம் அதற்கு முன் இல்லாத ஒன்றைச் செய்தது. பெயர் வைக்க முடியாத நோய்க்கும் இழப்பீடு உண்டு என்று சட்டம் போட்டது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும், வளைகுடாப் பகுதியில் பணி செய்திருக்க வேண்டும், மருத்துவக் காரணம் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். 2001-இல் நாள்பட்ட சோர்வு நோய், உடம்பெங்கும் தசைவலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா, எரிச்சல் கொண்ட குடல் நோய் ஆகியவற்றையும் இதற்குள் சேர்த்தார்கள். காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் இல்லை.

நடந்தது வேறு. 1991-இல் லாரி ஓட்டிய ஒருவர் தலைவலி, முழங்கால் வலி, மறதி, தூக்கமின்மை ஆகிய நான்குக்கும் சேர்த்து மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் படிவம், சில சமயம் தனித்தனி டாக்டர். முழங்காலைப் பார்த்தவர் எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம் கண்டு 'மூட்டுத் தேய்வு' என்று எழுதுகிறார். அடுத்தவர் 'மைக்ரேன்' என்கிறார். மறதிக்கு 'மனச்சோர்வு', தூக்கத்துக்கு 'ஸ்லீப் ஆப்னியா'. எல்லாவற்றுக்கும் இப்போது பெயர் வந்துவிட்டது. ஆகவே இது பெயர் தெரியாத நோய் இல்லை, அனுமானம் செல்லாது. சரி, பெயருள்ள நோய்களாகவே நேர்வழியில் கேட்கலாமே என்றால், பணிக்கோப்பில் முழங்காலும் இல்லை, தலைவலியும் இல்லை. பாலைவனத்தில் லாரியை நிறுத்திவிட்டுத் தலைவலிக்குச் சீட்டு வாங்கப் போகிற சிப்பாய் யார்? அந்தக் கதவும் சாத்தியாயிற்று. நான்கு டாக்டர்களும் மனசாட்சியோடுதான் வேலை பார்த்திருப்பார்கள். முழு ஆளாக அவரைப் பார்த்தவர் மட்டும் யாரும் இல்லை.

இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் எண்ணிப் பார்த்தது. 2015 நிதியாண்டில் வளைகுடாப் போர் நோய்க்கான மனுக்களில் ஏற்கப்பட்டவை 17 சதவீதம். மற்ற நோய்களின் ஏற்பு விகிதத்தில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மருத்துவப் பரிசோதகர்களுக்கு இந்த நோய் பற்றி ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள், ஆனால் விருப்பம் இருந்தால் எடுக்கலாம் என்று. அதை எடுத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்.

வலி மட்டும் இருக்கிறது, அதற்கு அடியில் நோயென்று எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது ஊனமே ஆகாது என்றுதான் 1999 முதல் நீதிமன்றமும் சொல்லி வந்தது. 2018-இல் சாண்டர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றியது. வலி ஒருவரின் செயல்திறனைக் குறைக்கிறது என்றால் அதுவே ஊனம், நோயின் பெயர் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களுக்கு எந்தப் பட்டியலையும்விட இந்தத் தீர்ப்பு பெரிது என்பேன்.

புகைக்குழிகள்

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம்களின் குப்பையை ஒரு பெரிய குழியில் கொட்டி விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக், பெயின்ட், பேட்டரி, டயர், மருத்துவமனைக் கழிவு, எல்லாம் ஒன்றாக. இராக்கின் பலாட் தளத்துக் குழி சுமார் பத்து ஏக்கர், ஒரு காலத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டன் எரிந்தது. அதன் பக்கத்திலேயே தூங்கும் அறைகள். காற்றில் இருந்த நச்சை ஆள்வாரியாக அளந்த கருவி எதுவும் இல்லை. அதனால் 'நீ சுவாசித்தது எவ்வளவு' என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை, பதில் இல்லாததால் மனு தள்ளுபடி. 2020 வரையான பதின்மூன்று ஆண்டுகளில் புகைக்குழி தொடர்பான மனுக்களில் முக்கால் பங்குக்கு மேல் மறுக்கப்பட்டன.

2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, நச்சுப்பொருள் தாக்கத்துக்கு ஆளான வீரர்களுக்கான பேக்ட் சட்டத்தில் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். 2020-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒஹையோ தேசியக் காவல்படை வீரர் ஹீத் ராபின்சன் பெயரைத் தாங்கிய சட்டம். செனட்டில் ஜூனில் 84 ஓட்டு வாங்கிய மசோதாவை, ஜூலை கடைசியில் நிதி ஒதுக்கும் முறையைக் காரணம் காட்டி முடக்கினார்கள். நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்துத் தூங்கி வீரர்கள் காத்துக்கிடந்தார்கள், நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் கூட நின்று சத்தம் போட்டார், ஒரு வாரத்துக்குள் 86-க்கு 11 என்று நிறைவேறிற்று. புகையோடு தொடர்புள்ள இருபதுக்கும் மேற்பட்ட நோய்கள் அனுமானப் பட்டியலில் ஏறின: பல வகைப் புற்றுநோய்கள், ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, நுரையீரல் நார்த்திசு நோய். வளைகுடாப் போர் நோய்க்கு 'இந்தத் தேதிக்குள் தலைகாட்டியிருக்க வேண்டும்' என்றிருந்த கெடுவையும் இதே சட்டம் எடுத்தது. எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே படிவம் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுக்குள் இச்சட்டத்தின் கீழ் பத்து லட்சம் மனுக்கள் ஏற்கப்பட்டன, நான்கில் மூன்று வெற்றி. அதே புகைதான், வீரர்களும் அதே காலத்தவர்தான். மாறியது யார் நிரூபிக்க வேண்டும் என்பது மட்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது அற்பமானதும் இல்லை. பத்தாண்டில் 28,000 கோடி டாலர் வரை செலவாகும் என்று கணித்தார்கள். எழுபது வயதில் ரத்த அழுத்தமோ நீரிழிவோ இல்லாதவர் எத்தனை பேர்? வியட்நாமில் கிடங்குக் கணக்கு எழுதியவரும் தெளித்த இலைகளுக்கு நடுவே நடந்தவரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். தகுதியில்லாத பலர் உள்ளே வந்துவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் யார் எவ்வளவு டயாக்சினை வாங்கினார் என்று பிரித்தறியும் தகவல் இருந்திருந்தால் இந்த மொத்த அனுமானமே தேவைப்பட்டிருக்காது. தகவலைச் சேகரிக்க முடிந்த ஒரே ஆள் அதைச் செய்யாமல் விட்டபோது, பிழை நேர்ந்தால் அது அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். என் பார்வையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பட்டியலில் இடம் கிடைத்த நோயும் கிடைக்காத நோயும் இரண்டு வேறு உலகங்களாகிவிட்டன. ஆஸ்துமாக்காரர் ஒரு படிவத்தில் முடித்துவிடுகிறார். பட்டியலில் இல்லாத ஒரு நரம்பு நோய்க்காரர் இன்னமும் நெக்ஸஸ் கடிதத்துக்கு அலைகிறார். இந்த இடைவெளியில்தான் வி.ஏ. அங்கீகாரம் இல்லாத தனியார் 'ஆலோசகர்கள்' நுழைந்து, கிடைக்கப்போகும் தொகையில் பல மாதப் பங்கைக் கட்டணமாகக் கேட்கிறார்கள். அமெரிக்கன் லீஜன், ஊனமுற்ற அமெரிக்க வீரர்கள் சங்கம் போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இதே வேலையைக் காசு வாங்காமல் செய்து தருகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பணம் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பது இன்னொரு பெரிய சண்டை. வியட்நாம் வீரர்கள் நேமர் என்ற வழக்கில் 1991-இல் ஓர் உடன்படிக்கை வாங்கி வைத்தார்கள். ஏஜென்ட் ஆரஞ்ச் சட்டத்தின்படி ஒரு நோய் பட்டியலில் புதிதாக ஏறும்போதெல்லாம், முன்பு அதே நோய்க்காக மறுக்கப்பட்ட மனுக்களை வி.ஏ. தானே தேடி எடுக்க வேண்டும், முதலில் கேட்ட நாளிலிருந்து பாக்கியைத் தர வேண்டும். 2010-இல் இதய நோயைச் சேர்த்தபோது இப்படிப் பல்லாயிரக்கணக்கான கோப்புகள் மறுபடி திறக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான கோடி டாலர் பாக்கியாகப் போயிற்று. புகைக்குழி வீரர்களுக்கு அப்படியொரு உடன்படிக்கை கிடையாது. பலாட்டிலிருந்து ஆஸ்துமாவோடு திரும்பி 2010-இல் மனுப் போட்டு, சான்று போதாது என்று மறுக்கப்பட்டு, அத்தோடு விட்டுவிட்டவர் புதிதாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும். 2023 ஆகஸ்ட் 14-க்குள் விண்ணப்பித்திருந்தால் சட்டம் கையெழுத்தான நாளிலிருந்து பணம் கிடைக்கும். இடைப்பட்ட பன்னிரண்டு வருஷத்துக்கு எதுவும் இல்லை.